சூடு பண்ணி வைத்த வண்டி

ஓவனைச் சூடாக்கி வைக்காமல் மாவு கலக்க உட்காருகிற ஆளைக் கேக்கு மனுஷக் கணக்கிலேயே சேர்க்க மாட்டாள். கேக்கு என்பது அவள் பெயரில்லை. எங்கள் தெருவில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள் அவள் ஒருத்திதான் என்பதால் அப்படியே நிலைத்துவிட்டது. அவள் வீட்டுக்கு நேர் எதிரே குடியிருப்பதால் எனக்கு அவள் வைத்த பெயர் எதிர்வீடு. எனக்கு மருந்துக்கடையில் மாலை ஷிப்ட். காலையில் வெட்டியாக இருப்பவள் என்ற ஒரே தகுதியை வைத்து, கேக் பெட்டியை மடியில் பிடித்துக்கொள்ளும் உத்தியோகத்தை எனக்குக் கொடுத்திருந்தாள். சம்பளம், வெட்டி எடுத்த ஓரத் துண்டுகள்.

அவள் சமையலறையைப் பார்த்தால் யாரும் அங்கே வியாபாரம் நடக்கிறது என்று நம்ப மாட்டார்கள். ஒரு ஜன்னல், ஒரு மேஜை, மேஜையின் ஆடுகிற காலுக்கு அடியில் மடித்து வைத்த அட்டை. அடுத்த அறையில் கணவர் தூங்குவார். அவருக்கு ஆஸ்பத்திரி லேபில் இரவு வேலை, விடிந்த பிறகுதான் படுக்கை. அதனால் முட்டை அடிக்கிற மெஷினைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அடிப்பாள். அது சின்ன மெஷின், அடிக்கடி சூடாகி நின்றுவிடும். அப்போது கையால் அடிப்பாள். பெரிய மிக்ஸர் ஒன்று வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

செய்வதெல்லாம் சுலபம், கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கண்டம். வாடகைக் கார்க்காரர்கள் வேகத்தடையைப் பார்த்தாலே உற்சாகமாகிவிடுவார்கள். இரண்டு அடுக்காகக் கிளம்பிய ஒரு பிறந்தநாள் கேக் ஒரே அடுக்காகப் போய் இறங்கியது. அந்த வீட்டுக் குழந்தை அழுத அழுகையைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான், நானே ஓட்டுகிறேன் என்று கேக்கு முடிவெடுத்தாள். நாற்பதைத் தாண்டிய பிறகு டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றாள். நாள் முழுக்க நின்றே வேலை செய்து இடது முட்டி தேய்ந்திருந்தது, கிளட்சை மிதித்தால் உயிர் போகும். மேட்டில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, சொல்லிக்கொடுப்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். எப்படியோ இரண்டாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். வாங்கினால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிதான் என்று அன்றே தீர்மானம். புதுசுக்கு வசதியில்லை. பழசு பார்க்கக் கிளம்பினோம்.

பழைய கார் விற்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எப்போதும் இருந்ததில்லை. முதல் வண்டியில் மூன்று வாசனைப் புட்டிகள் தொங்கின. காலடி விரிப்பைத் தூக்கினால் கீழே ஈரம். எந்த மழைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறிக் கிடந்ததோ. இரண்டாவது ஆள் சந்து முனை வரைக்கும்தான் ஓட்டிப் பார்க்க விடுவேன் என்றார். நாங்கள் பார்க்கப் போகிற எல்லா வண்டியுமே ஒரு லேடி டாக்டர் ஓட்டினதாம், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் போனதாம். இந்த ஊர் லேடி டாக்டர்கள் எல்லாரும் வைத்தியத்தை விட்டுவிட்டு முழுநேரமும் கார் மாற்றினால்கூட இத்தனை தேறாது. கேக்கு என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, என் மடியில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்ப்பாள். தளும்பினால் வண்டி வேண்டாம். அந்த ஒரு வாரத்தில் நான் எத்தனை தடவை நனைந்த துணியோடு வேலைக்குப் போனேன் என்பதைக் கடை முதலாளிதான் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அவள் அக்கா ஃபோன் செய்தாள்.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேக்குவுக்கு அம்மா ஸ்தானம் அவள்தான். கேக்குவின் கணவருக்கு நடுவில் வேலையில்லாமல் போனபோது முதல் ஓவனை வாங்கிக் கொடுத்து, இதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று சொன்னவள் அக்காதான். அந்த நன்றியைக் கேக்கு மறந்ததே கிடையாது. அதே சமயம், சின்ன வயதிலிருந்து அக்காவின் பழசுதான் இவளுக்குப் புதுசு. அக்காவின் சட்டை, அக்காவின் புத்தகப்பை, அக்காவின் செருப்பு. ஒருமுறை அக்காவின் பாவாடை இடுப்பில் ஏறவில்லை. துவைத்துச் சுருங்கிப்போன துணி அது. நீ குண்டாயிட்ட என்று அக்கா சொன்னாளாம். கேக்கு ஒரு மாதம் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை விட்டிருக்கிறாள். அதை அவள் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா ஃபோனில் சொன்னது இதுதான். அவள் புது வண்டி வாங்கப் போகிறாள், பழையது ஆட்டோமேட்டிக், தெரியாத ஆளிடம் போய் ஏமாறுவதற்கு வீட்டு வண்டியையே எடுத்துக்கொள்ளலாம், விலையிலும் தங்கச்சிக்காகக் குறைப்பாள். கேக்கு ஃபோனை வைத்துவிட்டு வாசலைத் தாண்டி ஓடிவந்து என் கதவைத் தட்டினாள். முகம் முழுக்க மாவும் சிரிப்பும்.

மறுநாள் காலையில் இருவரும் அக்கா வீட்டுக்குப் போனோம். ஊருக்கு வெளியே தோட்டம் வைத்த வீடு. வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள் அக்கா. ஓவன் கதவைத் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தில் கேக்கு புறங்கையை எஞ்சின் மூடி மேல் வைத்தாள். உள்ளே எஞ்சின் சூடாக இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வர்றேன்னதும் ஒரு பெரிய சுத்து ஓட்டிச் சூடு பண்ணி வச்சேன், சின்னவளே. ஆறின வண்டியவா உன் கையில குடுப்பேன்?"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். வீட்டு வாசலில் நிற்கிற வண்டியை எதற்கு முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டும் என்று. கேக்கு கேட்கவில்லை. முன்னாலேயே சூடாக்கி வைப்பவர்கள் வேலையில் அக்கறை உள்ளவர்கள் என்பது அவள் வாழ்க்கையில் கற்ற முதல் பாடம். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வண்டியும் அன்றைக்கு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் போனது. என் மடியிலிருந்த கிண்ணத்தில் ஒரு சொட்டு சிந்தவில்லை. சந்தேகப் பிராணியான நானே வாயடைத்துப் போனேன். காருக்கென்று புரட்டிய பணத்தோடு, மிக்ஸருக்குச் சேர்த்ததும் முழுக்க அன்றைக்கே அக்கா கைக்குப் போயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம், "பாத்தியா எதிர்வீடு, எனக்காகச் சூடு பண்ணி வச்சிருக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

முதல் டெலிவரி ஐந்து தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு. காலை நேரம், கொஞ்சம் குளிர். நான் பெட்டியை மடியில் வைத்து அணைத்துக்கொண்டேன். கேக்கு மிதித்தாள். வண்டி ஒரு கணம் யோசித்தது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி பாய்ந்தது. தெருமுனை வருவதற்குள் இன்னொரு உதை. என் மூக்கு பெட்டி மூடியில் போய் இடித்தது.

"ஸாரி" என்றாள் கேக்கு. சொல்லிவிட்டுத் தன் வலது தொடையில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "பாழாப்போன காலு."

பெட்டியைத் திறந்து பார்த்தால் மேலே எழுதியிருந்த வாழ்த்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாசலிலேயே நின்று, கையோடு கொண்டுபோன க்ரீமை வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். அங்கிருந்து கடைவீதிக்குப் போய், சாமான் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும்போது வண்டி பரம சாது. ஞாயிற்றுக்கிழமை கணவரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தபோதும் அப்படித்தான், வீட்டை விட்டுக் கிளம்பும்போது மட்டும் லேசாகத் தூக்கிப் போட்டதாம், அதற்குள் அவர் தூக்கத்தில் இருந்தாராம். நல்லாத்தானே ஓட்டுற என்றாராம் இறங்கும்போது. அவருக்கு ஓட்டத் தெரியாது, பாவம், அவர் என்ன செய்வார்.

மறுபடி கேக் ஏற்றினால் மறுபடி உதை. மறுபடி ஸாரி, மறுபடி தொடையில் அறை. சில வாரங்களில் கேக்கு தனக்குத் தானே வியாதியைக் கண்டுபிடித்துவிட்டாள். கேக் வண்டியில் இருந்தால் அவளுக்குப் பயம். பயத்தில் கால் கோணலாக மிதிக்கிறது. இல்லாவிட்டால், கேக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மட்டும் எப்படி ஒழுங்காகப் போகிறது? கேட்டால் எனக்கும் சரியென்றுதான் பட்டது. காருக்குள் உட்காரத் தெரியுமே தவிர அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்.

அவள் அக்காவிடமும் கேட்டாள். சமையலறையில் ஃபோனை மேஜை மேல் வைத்துவிட்டு, கையில் மாவோடு, கிட்டத்தட்ட அழுகிற குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். கிளம்பும்போது உதைப்பதை, திரும்பும்போது சரியாக இருப்பதை, ஒன்று விடாமல். நான் ஓரத் துண்டு தின்றுகொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"அது உன் காலுதான் சின்னவளே" என்றாள் அக்கா. "பயத்துல மிதிக்கிற. என்கிட்ட இருந்த வரைக்கும் ஒரு நாள் மக்கர் பண்ணினதில்ல. போகப் போகப் பழகிடும்."

கேக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மெல்லிய அடி வைத்த செருப்பு வாங்கினாள். பிறகு வெறுங்காலோடு ஓட்டினாள். மாவு நிறுக்கிற தராசைப் பாலிதீன் பையில் சுற்றித் தரையில் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, முள் நடுங்காமல் கட்டைவிரலால் மிதித்துப் பழகினாள். நான் பால் வாங்கப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்து தராசை மிதித்துக்கொண்டிருப்பாள். சிரிப்பு வரும், சிரிக்க முடியாமல் நடையைக் கட்டுவேன். கொஞ்ச நாளில் முள் அசையாமல் நிற்கிற அளவுக்குக் கால் பழகிவிட்டது. வண்டிக்கு மட்டும் அது எட்டவில்லை.

மெக்கானிக்கிடம் காட்டவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். காட்டினாள். நல்ல மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தார். நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் வண்டி நன்றாகச் சூடேறிவிட்டது. அவர் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டில ஒண்ணும் இல்ல மேடம், கொஞ்சம் பதமா மிதிங்க என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குத் திரும்பும்போது கேக்கு நத்தை வேகத்தில் ஓட்டினாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்திலிருக்கிற விருந்து மண்டபத்து மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். அவள் கேக்கை எங்கேயோ சாப்பிட்டிருக்கிறார். மண்டபத்தில் நடக்கிற விழாவுக்கெல்லாம் இனி நீங்களே செய்யுங்கள், முதலில் ஒன்று செய்து காட்டுங்கள் என்றார். கேக்குவுக்கு அது வாழ்க்கையில் வந்த பெரிய வாய்ப்பு. அது கிடைத்தால் மிக்ஸர் வரும், ஓர் ஆளை வேலைக்கு வைக்கலாம், கணவர் இரவு வேலையை விட்டுவிடலாம். இரண்டு நாள் கண் மூடாமல் மூன்று அடுக்குக் கேக் ஒன்று செய்தாள். வெள்ளை நிறம், விளிம்பு முழுக்கக் கையால் செய்த மல்லிகை அரும்புகள். நான் பார்த்ததிலேயே அழகான பொருள் அதுதான்.

மண்டபம் கூப்பிடு தூரம். அதுதான் வினையாகப் போயிற்று. மூன்றாவது உதையில் மேல் அடுக்கு என் கழுத்தை நோக்கி வந்தது. தாடையால் முட்டுக் கொடுத்துப் பிடித்தேன், ஆனாலும் நடு அடுக்கு பிளந்துவிட்டது. மேனேஜர் நல்ல மனுஷன். ருசியில் குறையே இல்லை என்றார். அடுத்த வாரம் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று காருக்குள்ளேயே உட்கார்ந்து கேக்கு அழுதாள். "கை பண்றதையெல்லாம் கால் கெடுக்குது, எதிர்வீடு" என்றாள். அதற்குப் பிறகு அவள் டெலிவரியை நிறுத்திவிட்டாள். வேண்டுமென்றால் வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னாள். பாதிப் பேர் வரவில்லை. வண்டிக்கு உறை போட்டு மூடினாள். மூடும்போது, நல்ல வண்டி, என்கிட்ட வந்து மாட்டிக்கிச்சு என்று அதற்காகப் பரிதாபப்பட்டாள் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்படி இருக்கும்போது அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பகல் விருந்துக்குச் சித்தி கேக்தான் வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். கேக்குவுக்கு மறுபடி முகத்தில் ரத்தம் ஓடியது. நான்கு அடுக்கு என்று படம் போட ஆரம்பித்தாள். அக்கா கூப்பிட்டு, எல்லாம் சரி, ஆனால் உன் வண்டியில் கொண்டு வராதே, வேன் ஒன்று சொல்லியிருக்கிறேன், அதில் ஏற்றி அனுப்பிவிடு என்றாள். கேக்கு சரியென்று ஃபோனை வைத்தாள். அக்காவுக்குக்கூட என் கால்மேல் நம்பிக்கையில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். போனாளே தவிர, கையிலிருந்த முட்டையை ஓட்டோடு மாவில் போட்டாள்.

மறுநாள் கல்யாணப் பெண் ஃபோன் செய்தாள், பூ என்ன நிறம் என்று பேச. பேச்சோடு பேச்சாக, அம்மா வேன் அனுப்பச் சொன்னதில் சித்திக்கு வருத்தமா என்று கேட்டாள். கேக்கு உண்மையைச் சொன்னாள். வருத்தம்தான், ஆனால் உங்கம்மா சொல்வது நியாயம், எனக்கு ஓட்ட வரவில்லை. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் அத்தனை பிரியமாகக் கேட்டது.

"ஐயோ சித்தி, அம்மா உங்களச் சொல்லல, வண்டியத்தான் சொன்னா. ஆறிப்போய் நின்னா அது உதைக்குமே. எங்ககிட்ட இருந்தப்பவும் அப்படித்தான். காலைல அரை மணி நேரம் சும்மா ஓட்டிட்டு வந்துதான் அம்மா எங்கள ஏத்துவா. கியர்பாக்ஸையே மாத்தணும்னு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்க, செலவு தாங்காதுன்னுதான் உங்களுக்கு…"

அங்கே நிறுத்திவிட்டாள். உங்களுக்குச் சொல்லியிருப்பாளே அம்மா, என்று சின்னக் குரலில் கேட்டாள். சொன்னா, சொன்னா, நான்தான் மறந்துட்டேன் என்றாள் கேக்கு. பூ இளஞ்சிவப்பா வெள்ளையா என்பதையும் பேசி முடித்து, சிரித்தபடியே ஃபோனை வைத்தாள்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அந்த அக்காக்காரியை இப்போதே கூப்பிடு, நான் பேசுகிறேன், கல்யாணமாவது ஒன்றாவது என்று குதித்தேன். கேக்கு அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை.

"சூடு பண்ணி வச்சிருந்தா" என்றாள். "எனக்காகன்னு நெனச்சேன்."

கேக் முடியட்டும், குழந்தை ஆசையா கேட்டிருக்கு என்று எழுந்து போய் ஓவனைப் போட்டாள். ஒரு பிடி சர்க்கரை குறைக்கவில்லை, ஓர் அரும்பைக் கோணலாக வைக்கவில்லை. நானாக இருந்தால் உப்பை அள்ளிப் போட்டிருப்பேன்.

கல்யாணத்தன்று விடிகாலையில் கார் சத்தம் கேட்டு ஜன்னலைத் திறந்தேன். கேக்கு உறையை எடுத்துவிட்டு, வெறும் வண்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க உதைத்துக்கொண்டே போனது. மழைத் தூறல் வேறு. நான் குளித்து முடித்து வாசலுக்கு வந்த நேரம் திரும்பி வந்தாள். அக்கா அனுப்பிய வேன் வந்து காத்திருந்தது. அந்த டிரைவருக்கு டீக்குக் காசு கொடுத்து வெறும் வேனாகத் திருப்பி அனுப்பினாள். நான்கு அடுக்கையும் நிற்க வைத்தே காரில் ஏற்றினோம். பின் சீட்டைப் படுக்க வைத்து, சுற்றிலும் தலையணைகள் வைத்து, நான் கேக்குக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். கல்யாண மண்டபம் அக்கா வீட்டுப் பக்கம், நல்ல தூரம். வழி முழுக்க ஓர் அசைவில்லை. ஸாரி என்ற சொல்லே அந்தக் காரில் கேட்கவில்லை.

மண்டபத்தின் அடித்தளத்தில் வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, சமையல் ஆட்களைக் கூப்பிட்டுக் கேக்கை மேலே ஏற்றினாள். பட்டுப் புடவையில் அக்கா வேகமாக வந்தாள். கேக்கைப் பார்த்தாள், பிறகு கேக்குவின் கையில் தொங்கிய கார் சாவியைப் பார்த்தாள். வேனில் வரவில்லையா என்று கேட்டாள்.

"வண்டியிலதான் கொண்டு வந்தேன்க்கா" என்றாள் கேக்கு. "ஒரு பெரிய சுத்து ஓட்டிச் சூடு பண்ணிக் கொண்டு வந்தேன். நீ பண்ணின மாதிரியே."

அக்காவின் முகத்தில் அலங்காரம் அப்படியே இருந்தது, அடியில் மட்டும் நிறம் போய்விட்டது. சுற்றிலும் பார்த்தாள். யாருமில்லை, என்னைத் தவிர. நான் நகருவதாக இல்லை.

"வேற யாருக்கு விக்கச் சொல்ற?" என்றாள் தாழ்ந்த குரலில். "வெளியாளா இருந்தா மறுநாளே வாசல்ல வந்து நின்னு மானத்த வாங்கியிருப்பான். நீன்னா ஒண்ணும் சொல்ல மாட்டன்னு…"

"வித்தது போகட்டும்க்கா. ஓவன் வாங்கிக் குடுத்த கை, அதுக்கு ஒரு தப்பு கழிச்சுக்கலாம்." கேக்குவின் குரல் அங்கேதான் உடைந்தது. "ஃபோன் பண்ணி அழுதேனே. அன்னிக்கு ஏன் என் காலுன்னு சொன்ன?"

அக்கா புடவை மடிப்பைச் சரிசெய்தாள். அதற்குள் யாரோ ஒரு பெரியம்மா அக்காவைத் தேடிக்கொண்டு வந்தார். கேக்கைப் பார்த்து வியந்தார். யார் செய்தது என்று கேட்டார். என் தங்கச்சிதான் என்று சொல்லி அக்கா கேக்குவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். புகைப்படக்காரர் ஒரு படமும் எடுத்தார். அந்தக் கையைத் தட்டி விடுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அசையாமல் நின்றாள். படத்தில் அவள் சிரிக்கவில்லை, அது மட்டும்தான்.

பெண்ணுக்காக விருந்து முடிகிற வரை இருந்தோம். வெட்டின கேக்கில் ஒரு துண்டைக் கல்யாணப் பெண் தன் கையால் சித்திக்கு ஊட்டினாள். சாயங்காலம் கீழே இறங்கியபோது அடித்தளம் முழுக்க ஈரக் குளிர். வண்டி ஆறிப்போய் நின்றது. கேக்கு ஏறி உட்கார்ந்து மிதித்தாள். அது யோசித்தது, அப்புறம் உதைத்தது. மடியில் ஒன்றுமில்லாததால் நான் முன்கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கையை ஊன்றிக்கொண்டேன்.

"ஸாரி" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்னும் யாரிடம் மன்னிப்புக் கேட்கிறாய், என்னிடமா, உங்கக்காவிடமா, இந்தத் தகர டப்பாவிடமா என்று கத்தினேன். கேக்கு வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, இத்தனை மாதமாக அறைந்து அறைந்து கன்றிப்போயிருந்த வலது தொடை மேல் வைத்தாள்.

"உங்கிட்ட இல்ல எதிர்வீடு. இதுகிட்ட."

அந்தக் காலைத் தடவிக்கொண்டே அழுதாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் ஜன்னலை இறக்கி, சுத்திப் போப்பா என்று அவனிடம் சொன்னேன்.